யாரும் கேட்காத கையெழுத்து

சாமி,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது நாலரை வயது. வாசலில் உன் மாமன் மகள் திவ்யாவோடு உட்கார்ந்து, புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி ஒருவர் கையில் ஒருவர் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாய். நீ போடுகிற கூச்சலை உள்ளே இருந்து கேட்டபடிதான் எழுதுகிறேன். இன்னும் ஒன்பது நாளில் நான் கிளம்ப வேண்டும். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை. நீ இங்கே, பென்னாகரத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டில், மாமாவோடும் அத்தையோடும் இருக்கப்போகிறாய். நியாயமாக இந்தக் கடிதத்தைப் போன மாதமே, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எழுதியிருந்தால் பாதியிலேயே என் தப்பு தெரிந்திருக்கும். இந்த முறை கையெழுத்து முந்திக்கொண்டது.

மகனுக்கு எழுதுகிற கடிதத்தை ஏன் எல்லோரும் படிக்கிற மாதிரி அச்சில் போட்டாய் என்று நீ கேட்கலாம். நான் சில பெண்களைப் பற்றித் தப்பாக எழுதி, அது ஓர் ஆய்விதழில் அச்சிலும் வந்துவிட்டது. அதைத் திருத்தச் சொல்லி அந்த ஆய்விதழுக்கு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியாவது, அல்லது அவளுடைய மகளாவது இதைப் படிக்கட்டும். நீ பெரியவனாகும்வரை அவர்களைக் காத்திருக்க வைப்பது சரியில்லை.

உன் பள்ளிக்கூடத்து மிஸ் உன்னிடம் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, "எங்கம்மா சட்டத்துக்கு வெலை போடுவாங்க" என்றாயாம். அது உன் மாமன் சொல்லிக்கொடுத்த கேலி. முழுப் பொய்யும் இல்லை. ஒரு சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது வக்கீலின் வேலை. அந்தச் சட்டம் வந்த பிறகு ஜனங்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள், அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பொருளாதாரத்தின் கண்ணால் பார்ப்பது என் வேலை. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் என்று சட்டம் வந்தால், ஹெல்மெட் தலையில் ஏறுகிறதா, அல்லது பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து போலீஸ்காரரைக் கண்டதும் மட்டும் தலைக்குப் போகிறதா என்று பார்க்கிற வேலை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இதற்காகப் பன்னிரண்டு வருடம் படித்திருக்கிறேன்.

இந்தப் படிப்புக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு கிணறு. நான் தருமபுரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது, நம் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிற திம்மராயப்பா போர்வெல் போட்டார். ஆறே மாதத்தில் நம் கிணறு வற்றிவிட்டது. என் அப்பா கேஸ் போட்டார். வாய்தா மேல் வாய்தா. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். முகம் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் அந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. கொளுத்துகிற வெயிலில் அங்கே இருந்தது ஒரே ஒரு புளியமரம். வேறு வழியில்லாமல் அதன் நிழலில் இரண்டு பேரும் நின்றார்கள், நின்றதும் பேசிவிட்டார்கள். திம்மராயப்பா வாரத்தில் இரண்டு நாள் தன் போரிலிருந்து நமக்குத் தண்ணீர் விடுவது, நாம் அவருடைய டிராக்டர் போக நம் நிலத்தின் ஓரமாக வழி விடுவது. அவ்வளவுதான். கேஸை வாபஸ் வாங்கப் போனபோது வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. "தீர்ப்பு வர்ற நேரத்துல வாபஸ் வாங்கறீங்களே, தண்ணி மேல உரிமை யாருக்குன்னு தெரிய வேண்டாங்களா?" என்றார். அப்பா சொன்னார், "யாருக்கா இருந்தா என்னங்க? தண்ணி வருது, டிராக்டர் போவுது." திம்மராயப்பா பக்கத்தில் நின்று கன்னடத்தில் "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டினாராம். பல வருடம் கழித்துப் பெங்களூரில் ஒரு நூலகத்தில், சட்டம் உரிமையை யாரிடம் கொடுத்தாலும், இரு தரப்பும் தடையில்லாமல் பேரம் பேசிக்கொள்ள முடிந்தால் பொருள் அதிகம் பயன்படுகிற இடத்துக்கே போய்ச் சேரும் என்று படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். உலகமே கொண்டாடுகிற கருத்து அது. என் அப்பாவுக்கு அது ஒரு பஸ் பழுதானதில் கிடைத்தது.

பி.ஏ. முடித்து, சேலத்தில் சட்டம் படித்து, பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். எந்த நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் முதல் கேள்வி, "நீங்க எந்த டிபார்ட்மென்ட்டும்மா?" என்பதுதான். பொருளாதாரத்தார் என்னைச் சட்டக்காரி என்று அனுப்பினார்கள். சட்டத்தார், வக்கீலாகப் பயிற்சி செய்யாதவள் என்று அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஒவ்வொரு ஜூனிலும் அது இருக்குமா போகுமா என்று காத்திருக்க வேண்டும். "மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கிற பிள்ளைகள் முன்னால் நின்று, சட்டம் மனிதர்களை எப்படி நடக்க வைக்கிறது என்று பேசுவேன். நடுவில் கல்யாணம் ஆயிற்று. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் நீ பிறந்தாய். உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அந்த அத்தியாயத்தில்தான். ஒரு கையில் உன்னை நிமிர்த்திப் பிடித்து மருந்துப் புகை வரும் முகமூடியை உன் மூக்கில் வைத்துக்கொண்டு, மறுகையால் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தப் பக்கங்களில் எழுத்துப்பிழை அதிகம்.

அந்த நான்காம் அத்தியாயத்தில்தான் என் தப்பு இருக்கிறது. அப்பா சொத்தில் பெண்ணுக்கும் பையனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் நம் பக்கத்தில் பெண்கள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வந்து, தங்கள் பங்கை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுத்து எழுதிவிட்டுப் போகிறார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பேர். கையெழுத்துப் போட்டதும் கூடப்பிறந்தவன் எதிர்க்கடையில் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பான். எல்லோரும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். சட்டம் கையில் கொடுத்ததை ஏன் இவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று அலுவலக வாசல்களில் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது கேள்வி இது: பங்கை விட்டுக்கொடுக்கும்படி உங்களிடம் கேட்டது யார்? கீழே கட்டங்கள். அண்ணன் தம்பி, அப்பா அம்மா, கணவர், ஊர்ப் பெரியவர்கள்.

மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவை மறக்க முடியாது. தக்காளிக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். கை முழுக்கச் செடியின் பச்சைக் கறை. ஏழாவது கேள்விக்கு, "யாரும் கேக்கலைங்க மேடம்" என்றார். நான் விடவில்லை.

"சும்மா சொல்லுங்கக்கா, உங்க பேரு எங்கயும் வராது."

"அட, கேக்கலைன்னா கேக்கலைங்க. பேரு வந்தா என்ன, வராட்டி என்ன? நானாத்தான் போட்டேன்."

"கேக்காம எப்படிக்கா போடுவீங்க?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"அப்பறம் என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?" என்று சிரித்துவிட்டு, சேலைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவரைப் போலவே பல பேர் சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஆகவே அவர்கள் எல்லோரையும் பதில் தராதவர்கள் என்ற பத்தியில் சேர்த்தேன். வீட்டைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் இந்தப் பெண்கள் விடை சொல்வதைத் தவிர்த்தார்கள் என்று எழுதினேன். நேராக முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவர்களை, பதில் சொல்லாதவர்கள் என்று எழுதியவள் உன் அம்மா. அந்தப் பகுதி ஆய்விதழில் வந்தபோது படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த அழைப்பும் அதைப் படித்துவிட்டு வந்ததுதான்.

அழைப்பு வந்த அன்று சந்தோஷத்தைவிட பயம்தான் முதலில் வந்தது. அந்தக் குளிர் உன் மூச்சுக்கு ஆகாது, உன்னைக் கூட்டிப்போக முடியாது. உன் அப்பாவுக்கு ஓசூர் ஃபேக்டரியில் மூன்று ஷிப்ட். நாலு பேரோடு ஒரு அறை. "நீ போ, நா எப்படியாச்சும் பாத்துக்கறேன்" என்றார். அந்த எப்படியாச்சும் என்ற வார்த்தைக்குள் எதுவுமே இல்லை என்று அவருக்கும் தெரியும். உன் அப்பாவைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. என்னைப் பெற்றவர்களும் போய்விட்டார்கள். என் அப்பா போன வருடம்தான் போனார். விஷயம் கேள்விப்பட்டதும் அண்ணி, உன் அத்தை, போனிலேயே சொல்லிவிட்டார். "எதுக்கு பாப்பா யோசிக்கற? இங்க வுட்டுட்டுப் போ. திவ்யாவோட இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒரே சோறு, ஒரே அடி." அந்த அடியை நீ மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். லீவுக்கு இங்கே வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். என்ன உடைந்தாலும், எது கொட்டினாலும், திவ்யா முதுகில் ஒன்று, உன் முதுகில் ஒன்று. யார் செய்தது என்ற விசாரணையே கிடையாது. நீங்கள் இருவரும் முதுகைத் தேய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடுவீர்கள்.

தாத்தா தவறியதால் தள்ளிப்போன உன் காதுகுத்தைத் தீர்த்தமலையில் வைத்தோம். படி ஏறுகிறபோது உனக்கு மூச்சு இழுத்தது. நான் பையில் உன் மூச்சு மருந்து பம்ப்பைத் தேடிக்கொண்டிருக்கையில், அண்ணி தன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வேறொரு பம்ப்பை எடுத்து உன் வாயில் வைத்து, "இழு சாமி, இழு, நல்லா இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தானாகவே ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். மாமன் மடியில் உன்னை உட்கார வைத்துக் காது குத்தினார்கள். நீ அலறினாய். அலறும்போது நீ கெட்டியாகப் பிடித்தது மாமன் சட்டையை. முகத்தைப் புதைத்தது அத்தை தோளில். நான் எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதலின் அடியில் ஒரு பயம். இவ்வளவையும் இவர்கள் சும்மா செய்கிறார்களே, சும்மா செய்வது எத்தனை நாளைக்கு வரும்? கீழே இறங்குகிறபோது, அண்ணி உன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் அண்ணனோடு பின்தங்கினேன்.

"அண்ணா, அப்பா நெலத்துலயும் வூட்டுலயும் எம் பங்க உம்பேருக்கு எழுதிக் குடுத்தர்றேன்."

அண்ணன் படியில் நின்றான். "இப்ப என்னாத்துக்கு பாப்பா அதெல்லாம்?"

"போறதுக்குள்ள முடிச்சர்லாம்னு."

"நா ஒண்ணும் கேக்கலயே."

"நீ கேக்கலண்ணா. நானாத்தான் சொல்றேன்."

அதற்கப்புறம் அவன் கையிலிருந்த தேங்காய் மூடியை ஒரு குரங்கிடமிருந்து காப்பாற்றுவதில் மும்முரமாகிவிட்டான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து போன் வந்தது. "பாப்பா, நீ சொன்னியேன்னு பத்திரம் எழுதறவரப் பாத்துட்டு வந்தேன். வெள்ளிக்கெழம நல்ல நாளாம்." என் அண்ணன் கெட்டவன் இல்லை, சாமி. அவன்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நான் கேள்வித்தாளோடு உட்கார்ந்த அதே அலுவலகம். அதே வேப்பமரம். பத்திரம் எழுதுபவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மேடம். சர்வே முடிஞ்சதுன்னீங்களே, இன்னிக்கு யாரக் கேள்வி கேக்கப் போறீங்க?" சொல்லிவிட்டுக் கையில் இருந்த பத்திரத்தில் பெயரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். டீ வரவழைத்தார். உள்ளே கேமரா முன் உட்கார்ந்து விரலை வைத்தேன். சார்பதிவாளர் வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "உங்க விருப்பத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா? யாராச்சும் கேட்டு, கட்டாயப்படுத்தி அப்பிடி ஏதாவது?"

"இல்லைங்க. யாரும் கேக்கல."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. தக்காளிக் கறையோடு வந்த அந்த அக்கா சொன்ன அதே வார்த்தை. நான் எதையும் மறைக்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவரும் அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். கேட்காமலே கொடுக்க வைக்கிற ஏதோ ஒன்று எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதற்கு என் தாளில் கட்டம் போடத் தோன்றாமல் பன்னிரண்டு வருடம் படித்திருக்கிறேன். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று எழுப்பினார்கள்.

அண்ணி வெளியே உன்னை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பட்டாவில் பேர் மாற்றுகிற வேலை என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறான் அண்ணன். சேலைக்கடைக்குப் போனபோதுதான் அவருக்கு விளங்கியது. மெஸ்ஸில் அண்ணன் கை கழுவப் போன நேரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பாப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க பையனப் பாத்துக்கறீங்கண்ணி. நான் வேற என்ன செய்ய முடியும்? அதான்…"

"பாத்துக்கறது நானு. எழுதிக் குடுத்தது உங்கண்ணனுக்கா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நா சும்மா பாத்துக்கறேன்னுதான சொன்னேன்? இனிமே ஊர்ல என்ன பேசுவாங்க? நெலத்த வாங்கிக்கிட்டுப் புள்ள வளக்கறாம்பாங்க. நாளைக்கு நா அவன ஒரு அடி அடிச்சா, வாங்கித் தின்னுட்டு அடிக்கறாளேன்னு ஆவும். அடிக்காம வுட்டா வேத்தாளு புள்ளயாட்டம் ஆவும். நா எந்தப் பக்கம் போறது, சொல்லு."

நீ அவர் மடியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

அவர் சொன்னது என் பாடத்திலேயே இருக்கிறது. விலை இல்லாமல் அன்பாலோ பழக்கத்தாலோ நடந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு விலை வைத்தால், அது பெருகாது. சில சமயம் நின்றே போகும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். இரு தரப்பில் ஒருவர் மட்டும் முதலில் கொடுத்துவிட்டால், மற்றவர் சொன்னபடி நடப்பாரா என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர கொடுத்தவருக்கு வேறு வழியில்லை என்றும் நடத்துகிறேன். எல்லாவற்றையும்விட, வேலை யாருடையதோ அவருக்குத்தான் கூலி போக வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்கிற விஷயம். நான் மூன்றையும் ஒரே வெள்ளிக்கிழமையில் தப்பாகச் செய்தேன். உன் துணியைத் துவைக்கப்போவது, நீ மூச்சு இழுக்கும்போது விழித்திருக்கப்போவது அண்ணி. நிலம் போனது அண்ணன் பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வந்த உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதப் பத்தித்தான நீ பிஎச்டி பண்ணுன?" என்றார்.

"ஆமா."

"அப்ப இது பாஸா, ஃபெயிலா?"

அவர் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். பிறகு அவரே போய்க் கடையில் பரோட்டா வாங்கிவந்தார். உன் அப்பாவுக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. அண்ணனிடம், "அதுல பாதிய அண்ணி பேருல வெக்கலாமாண்ணா?" என்று கேட்டேன். "ஏன், எம்மேல நம்பிக்க இல்லியா?" என்றான். அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்து நானே பேச்சை மாற்றினேன். அண்ணியிடம் போனால், "என்ன இதுல இழுக்காத பாப்பா, எங்களுக்குள்ள ஏன் சண்ட மூட்டற?" என்றார். போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். கல்லூரி வேலையை ராஜினாமா செய்தாகிவிட்டது. போகாவிட்டாலும் பத்திரம் பத்திரம்தான். திருப்பிக் கேட்டால் அன்றோடு இந்த வீட்டுக்கும் எனக்கும் பேச்சு நின்றுவிடும். எந்தக் கதவைத் தள்ளினாலும் அது இன்னொருவர் மேல் போய் இடிக்கிறது. சட்டப்படி நான் இப்போது இந்த வீட்டுக்கு விருந்தாளி. என் மகனை விருந்தாளியாக்காமல் இருக்கத்தான் நான் விருந்தாளி ஆனேன். ஆனால் நான் போட்ட கையெழுத்தே உன்னை விருந்தாளி ஆக்கிவிட்டதோ என்பதுதான் இப்போது என் பயம். நீ இந்த வீட்டில் பிள்ளையாக வளர்வாயா, ஒப்படைக்கப்பட்ட பொருளாக வளர்வாயா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். எந்தப் பத்திரத்திலும் அதை எழுதி வாங்க முடியாது.

முந்தாநாள் மத்தியானம் அண்ணி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய்க் கேட்டவள், சொந்த வீட்டில் இவரிடம் கேட்டதே இல்லை. "அண்ணி, உங்க பொறந்த வூட்டுப் பங்கு என்னாச்சு?"

"எழுதிக் குடுத்தாச்சு. அது ஆவுது எட்டு வருசம்."

"யார் கேட்டாங்க?"

"யாரு கேட்டா? யாரும் கேக்கல." முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தாங்க. எங்கண்ணிதான் எல்லாம் பண்ணாங்க. பீ மூத்திரம் எல்லாம். நா வந்து ஒரு நாளு பாத்துட்டுப் போயிருவேன். மனசு கேக்கல. எங்கண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"உங்கண்ணிக்கு?"

முறம் நின்றது. "அவங்களுக்கு என்ன…" என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் மறுபடி புடைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அதுக்கப்பறம் எங்கண்ணி எங்கம்மாவ ஒரு வார்த்த வஞ்சதில்ல பாப்பா. அதுக்கு முன்ன நல்லா வைவாங்க. வஞ்சுட்டு அவங்களே ஊட்டி வுடுவாங்க. அப்பறம் வையல. வாயத் தொறக்காம எல்லாம் செஞ்சாங்க. எங்கம்மாதான் கேட்டுட்டே இருந்துச்சு, ஏன் இவ எங்கூடப் பேச மாட்டேங்கறான்னு."

ஏழாவது கேள்விக்கு எதிரே, கட்டங்களுக்கு வெளியே, யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன். இந்த முறை அது பதில்தான் என்று தெரிந்து எழுதினேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பெரியவனானதும் யாராவது வந்து உன் காதில், உங்கம்மா பங்கு அவ்வளவும் மாமன் எடுத்துக்கொண்டான் என்று ஓதுவார்கள். அவன் எடுக்கவில்லை. நான் கொடுத்தேன். அதற்காக அவன் வாசலில் போய் நிற்காதே. உனக்குக் குடும்பம் என்று ஒன்று வரும்; அதில் பல வேலைகள் சும்மா நடந்துகொண்டிருக்கும். நன்றி சொல்லத் தோன்றும்போது, அந்த வேலை எந்தக் கையால் நடக்கிறது என்று பார்த்து, அந்தக் கைக்கு உரியவரிடம் முதலில் பேசு. என்ன வேண்டும் என்று கேள். ஒன்றும் வேண்டாம் என்றால் அதை நம்பு. நான் நம்பாமல் போனேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் வருகிறது. அண்ணி பிடித்துவைத்த குடிதண்ணீர்க் குடத்தில் நீயும் திவ்யாவும் சேர்ந்து மண்ணைக் கொட்டிக் கலக்கிவிட்டீர்கள். அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். திவ்யா முதுகில் பளீரென்று ஒன்று விழுந்தது. அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். அடுத்தது உன் முறை. உனக்குத் தெரியும், கண்ணை இறுக்க மூடி, முதுகை வளைத்துத் தயாராக நின்றாய். அண்ணியின் கை மேலே போனது. அப்போதுதான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, உன் சட்டையில் கழன்றிருந்த பொத்தானை மாட்டிவிட்டது. "போ சாமி, வெளிய போயி வெளையாடு" என்றார், வேற்று வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில்.

நீ கண்ணைத் திறந்தாய். விழ வேண்டிய அடி ஏன் விழவில்லை என்று உனக்குப் புரியவில்லை. திவ்யா ஓடிய பக்கம் பார்த்தாய், அத்தையைப் பார்த்தாய், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாய். அண்ணி உன்னைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. மற்றவர் தூக்கட்டும் என்று இருவருமே நின்றுகொண்டிருந்தோம்.

ஒன்பது நாளில் நான் போய்விடுவேன். அதற்கப்புறம் கதவோரம் நின்று பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். சாமி, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடு. வேறு எதையும் கேட்க மாட்டேன். நான் போன பிறகு அந்தக் கை உன் முதுகில் எப்போதாவது விழுந்ததா? "விழுந்துச்சும்மா, நல்லா விழுந்துச்சு" என்று மட்டும் சொல்.